தேதி இல்லாத வரலாற்றுக்கும் காலை வழிபாட்டில் இடம் வேண்டும்

எங்கள் ஒன்றியத்தின் தொடக்கப் பள்ளிகளுக்குத் தினமும் காலை வழிபாட்டுத் தாள் தயாரித்து அனுப்பும் ஆசிரியர் குழுவினருக்கும், அந்தத் தாளில் உள்ளதை மட்டுமே வாசிக்க வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவிட்டிருக்கும் கல்வி அலுவலர்களுக்கும்,

2025 ஜூலை 23 அன்று நீங்கள் அனுப்பிய தாளில் 'வரலாற்றில் இன்று' என்ற தலைப்பின் கீழ் முதலில் இருந்த செய்தி, அமெரிக்காவின் 18ஆவது குடியரசுத் தலைவர் யுலிசஸ் கிராண்ட் 1885ஆம் ஆண்டு இறந்தார் என்பது. எங்கள் பள்ளியில் அதை வாசித்தவள் மூன்றாம் வகுப்புக் குழந்தை. 'யுலிசஸ்' என்ற பெயரில் அவள் நாக்கு புரளவில்லை. திரும்பத் திரும்ப முயன்றாள். வரிசையில் நின்ற பெரிய பிள்ளைகள் சிரித்தார்கள். மீதியை முணுமுணுத்து முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றாள்.

அதே ஜூலை 23ஆம் நாள்தான் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் உயிர்நீத்தார். ஆண்டு 1925. அதாவது அன்றைக்கு அவருடைய நூறாவது நினைவு நாள். எங்கள் ஊரிலிருந்து பாப்பாரப்பட்டிக்கு டவுன் பஸ் போகிறது. வாசித்த குழந்தையின் அம்மா வாரச் சந்தைக்கு அங்கேதான் போகிறார். அங்கே சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கிறது. அரூர்ப் பக்கம் கோபாலபுரத்தில் இருக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர்தான். இத்தனை இருந்தும் உங்கள் தாளில் அவரைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை.

அன்று மாலையே இந்த மடலை எழுதியிருப்பேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று ஆறப்போட்டேன். நாள் போகப் போக வருத்தம்தான் கூடுகிறது. ஆகவே எழுதுகிறேன்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். கல்லூரியில் வரலாறு படித்தேன். திருமணத்துக்குப் பிறகு நிலத்தில்தான் வேலை. அதனால் இது வெளியிலிருந்து வரும் குறைகூறல் என்று நினைத்துவிட வேண்டாம். காலை உணவு பரிமாறும் நேரத்தில் முறைவைத்துப் பள்ளிக்குப் போகிறேன். அது முடிந்ததும் வழிபாட்டுக் கூட்டம் நடக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், பழமொழி, செய்திகள், வரலாற்றில் இன்று என்று எல்லாவற்றையும் பின்வரிசையில் நின்று கேட்பவள் நான்.

உங்கள் தாள் வருவதற்கு முன் எங்கள் பள்ளியில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வராந்தாச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே 'இன்று நம் ஊர்' என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தார்கள். தினமும் ஒரு பிள்ளையின் முறை. வீட்டிலோ காட்டிலோ கோயிலிலோ கேட்டதையும் பார்த்ததையும் அந்தப் பிள்ளை வந்து சொல்லும். ஆசிரியை விசாரித்து, சரிபார்த்து, நாலு வரியில் சுவரில் எழுதுவார். அதை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தப் பிள்ளையே வாசிக்கும். அவ்வளவுதான். செலவு சுண்ணக்கட்டி மட்டும்.

ஒரு பையன் உழுத நிலத்தில் கிடந்ததென்று கறுப்பும் துருவுமாக ஒரு கட்டியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். கல் மாதிரி இருந்தது. ஆனால் உடம்பெல்லாம் ஓட்டை, அடை சுட்டது போல. கையில் வாங்கினால் கல்லை விடக் கனம். ஆசிரியை அறிவியல் பெட்டியிலிருந்து காந்தத்தை எடுத்து வந்தார். மறுநாள் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு பொறுக்கி வந்துவிட்டார்கள். சில துண்டுகள் காந்தத்தில் ஒட்டின, சில ஒட்டவில்லை. அது இரும்பை உருக்கும்போது கழிந்து போகும் கசடு என்று ஆசிரியை சொன்னதும் ஒரு சிறுமி கேட்டாள்: "நம் காட்டில் யார் டீச்சர் இரும்பு உருக்கினார்கள்?"

வரலாறு என்ற பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதற்குப் பதில் சொல்ல ஆசிரியை பக்கத்து மாவட்டத்துக்குப் போனார். கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த மாதிரிகளைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில், பொதுக்காலத்துக்கு முன் 2172 என்று முடிவு வந்தது. நாலாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு புழக்கத்தில் இருந்தது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்த செய்தி. எங்கள் காட்டுக் கசடு எந்தக் காலத்தது என்பதை ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும். ஆசிரியையும் அதைத்தான் பிள்ளைகளிடம் சொன்னார். ஆனால் இந்த மண்ணில் உலை மூட்டி இரும்பு எடுத்த மனிதர்கள் இருந்தார்கள் என்பதை அந்தப் பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பையன் இன்று ஆறாம் வகுப்பில் இருக்கிறான். இன்னமும் அந்தக் கட்டியைத் தூக்கிப் போடவில்லை என்று அவன் அம்மா சொல்கிறார்.

இன்னொரு நாள் ஒரு பிள்ளை, பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டரிலிருந்து விழுந்த துண்டோடு வந்தது. ஆசிரியை புறநானூற்றின் 99ஆம் பாட்டைச் சொன்னார். சங்க காலத்தில் எங்கள் பகுதியை ஆண்ட அதியமானின் முன்னோர் கிடைத்தற்கரிய கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள் என்று அதில் ஔவையார் பாடுகிறார். அதியமான் என்றால் நெல்லிக்கனி என்று மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு, தங்கள் வயலில் நிற்கும் பயிருக்கும் அவனுக்கும் தொடர்பு உண்டு என்பது பெரிய வியப்பு. அன்று பள்ளி விட்டதும் என் மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நம் கரும்பு அதியமான் தாத்தா காலத்துக் கரும்பா?" என்று கேட்டாள். அதே ரகம் இல்லை, அதே பயிர் என்று விளக்குவதற்குள் இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. அந்த ஒரு கேள்வியால் வீட்டில் மூன்று தலைமுறை உட்கார்ந்து பேசியது. என் மாமியார் ஆலை வருவதற்கு முன் வெல்லம் காய்ச்சிய கதையைச் சொன்னார். ஒரு தொடக்கப் பள்ளியின் காலைச் செய்தி இதைவிட என்ன செய்ய வேண்டும்?

சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு உங்கள் தாள் வரத் தொடங்கியது. முதலில் விருப்பப்பட்டால் பயன்படுத்தலாம் என்றார்கள். பிறகு எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தாளை வாசிக்கும் படத்தைத் தினமும் குழுவில் பதிவிட வேண்டும் என்றார்கள். பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் சுவரைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லாதது, யார் அனுமதி கொடுத்தது என்று ஆசிரியையைப் பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். இந்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது கறுப்புச் சுவர் வெள்ளையாகியிருந்தது. அதன் மேல் உங்கள் தாளை ஒட்டுவதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை தொங்குகிறது.

தாளைத் தயாரிப்பவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேச வரவில்லை. விடியற்காலையில் எழுந்து தட்டச்சு செய்து அனுப்புகிறீர்கள், ஊதியம் எதுவும் இல்லாமல். ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் சுமக்கிறார்கள், பதிவேடுகள் வேறு. அவர்களுக்குத் தயாராக ஒரு தாள் கையில் கிடைப்பது உதவிதான். ஆனால் உதவி என்று வந்தது கட்டாயமாக மாறியதையும், அது வேறொன்றை அழித்துவிட்டு வந்து உட்கார்ந்ததையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் அடிப்படையான கோளாறு ஒன்று இருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வது அதைத்தான். 'வரலாற்றில் இன்று' என்று தலைப்பு வைத்துவிட்டால், மாதமும் தேதியும் தெரிந்த நிகழ்ச்சிகள் மட்டுமே உள்ளே வர முடியும். பிறந்த தேதி பதிவானவர், இறந்த தேதி பதிவானவர், ஒப்பந்தம் கையெழுத்தான நாள், போர் தொடங்கிய நாள். அப்படித் தேடினால் இணையத்தில் கொட்டிக் கிடப்பவர்கள் மன்னர்கள், தளபதிகள், வெளிநாட்டுத் தலைவர்கள். அதியமான் பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. மயிலாடும்பாறையில் இரும்பைக் கையாண்டவனுக்குப் பெயரே தெரியாது. மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்துக் கல்திட்டை எழுப்பியவர்கள் ஒரு தேதியையும் எழுதி வைக்கவில்லை. நம் ஆட்கள் அவற்றைப் பாண்டவர் வீடு என்று சொல்லிக் கடந்து போகிறார்கள். உங்கள் தாளின் கணக்குப்படி இவர்கள் யாருக்கும் ஆண்டில் ஒரு நாளும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வரலாற்றில் பெரும்பகுதி இப்படித் தேதி இல்லாதது. தலைப்பை மாற்றாத வரை, நீங்கள் எவ்வளவு கவனமாகத் தொகுத்தாலும் எங்கள் பிள்ளைகளின் வரலாறு அந்தத் தாளுக்குள் நுழையாது.

இறந்த வீரர்களின் நினைவாக நட்ட நடுகற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் நிலம் நம்முடையது. தருமபுரி, கிருஷ்ணகிரி, அடுத்துள்ள திருவண்ணாமலையின் செங்கம் பகுதி. ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது இறந்தவன், ஊருக்குள் வந்த புலியைக் குத்தி மாண்டவன், காட்டுப்பன்றியோடு போராடியவன் என்று ஒவ்வொரு கல்லிலும் ஓர் ஆள் நிற்கிறான், கையில் வில்லோ வாளோ பிடித்துக்கொண்டு. பல கற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்தியும் உண்டு. அதில் இருப்பது இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு என்ற கணக்கு. மாதமும் கிழமையும் இருக்காது. இந்தக் கற்களைத்தான் எங்கள் பக்கம் வேடியப்பன் என்று பொட்டு வைத்துப் பொங்கலிட்டுக் கும்பிடுகிறோம். பிள்ளைகளுக்கு வேடியப்பன் என்று பெயரும் வைக்கிறோம். ஆனால் அந்தக் கல்லில் நிற்பவர் ஊரைக் காக்க உயிரைக் கொடுத்த ஒரு மனிதர் என்று பள்ளியில் சொல்லிக் கேட்டதில்லை.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டில் நட்டது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோனான். அவன் பக்கத்தில் நாயின் உருவமும் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும்! இதைச் சுவரில் எழுதிய அன்று பிள்ளைகள் பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். வீட்டு நாய்க்குக் கோவிவன் என்று பெயர் வைத்த பிள்ளைகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். யுலிசஸ் கிராண்ட் யார் என்று அவர்களிடம் இப்போது கேட்டுப் பாருங்கள்.

தேதி உள்ளவற்றிலாவது நம் ஊர் வந்ததா என்றால், அதுவும் இல்லை. 1792 மார்ச் 18 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போனது அதன் மூலம்தான். பாராமகால் என்பது நாம் வாழும் இந்த இரண்டு மாவட்டங்களைப் பெரும்பாலும் உள்ளடக்கிய நிலம். அலெக்சாண்டர் ரீடும் அவரிடம் உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவனிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் தொடங்கினார்கள். மன்றோ தருமபுரியில் வாழ்ந்தவர். இன்று ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் இருக்கும் பட்டாவின் கதை அங்கிருந்து வருகிறது. இந்த மார்ச் 18 தாளில் அது இல்லை. 1965 அக்டோபர் 2 சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்த நாள். 2004 பிப்ரவரி 9 தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்த நாள். இரண்டும் வரவில்லை. அக்டோபர் 2 விடுமுறை என்றால் முந்தைய நாளோ மறுநாளோ சொல்லியிருக்கலாம்.

வந்த ஒன்றும் தவறாக வந்தது. சென்ற டிசம்பர் 10 தாளில் ஆல்பிரட் நோபல் இறந்த நாள் என்பதற்குக் கீழே ராஜாஜி பிறந்த நாள் என்று ஒரு வரி. நல்லது. ஆனால் அவரை 'இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதவியில் இருந்த முதல் இந்தியர் அவர், கடைசியாக இருந்தவரும் அவரே. விடுதலை பெற்ற இந்தியாவுக்கு முதலில் அப்பதவியில் இருந்தவர் மவுண்ட்பேட்டன். பிறந்த இடம் 'சேலம் மாவட்டம்' என்று இருந்தது. 1878ல் அது சேலம் மாவட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. பெங்களூரு போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து வழிகாட்டிப் பலகையைப் பார்க்கக் கூடிய பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயரையே சொல்லாமல் விட்டது ஏன்?

பிழையைத் தலைமையாசிரியர் வழியாகத் தெரிவித்தோம். 'வந்ததை அப்படியே வாசியுங்கள், மாற்றம் செய்ய வேண்டாம்' என்று பதில் வந்தது. அதாவது தவறு என்று தெரிந்தும் ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் முன் அதை ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். ஒன்றியம் முழுவதும் எத்தனை பள்ளிகள் உண்டோ அத்தனை பள்ளிகளிலும் ஒரே நேரத்தில் ஒரே பிழை. இதை அனுமதிக்கும் ஒரே மாதிரித்தன்மை யாருக்கு நன்மை?

நீங்கள் சொல்லக் கூடிய மறுமொழிகளை அறிவேன். பிள்ளைகளுக்கு உலகம் தெரிய வேண்டாமா என்பது ஒன்று. கட்டாயம் தெரிய வேண்டும். மனிதன் 1969ல் நிலவில் கால் வைத்தான் என்று உங்கள் தாள் சொன்ன அன்று எங்கள் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டார்கள், ஏனென்றால் நிலா எங்கள் ஊரிலும் காய்கிறது. 2023ல் சந்திரயான் இறங்கியதை அவர்களே தொலைக்காட்சியில் பார்த்தவர்கள். கையால் தொட்ட ஒன்றிலிருந்து கிளம்பினால் குழந்தை எவ்வளவு தொலைவுக்கும் வரும். இரும்புக் கட்டியிலிருந்து தொடங்கினால் உலக வரலாற்றுக்கே போகலாம். திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981ல் கண்டறிந்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துக் கல்வெட்டில் 'சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று இருக்கிறது. சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்து அசோகரின் பாறைக் கல்வெட்டு சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அதனால் விடை கிடைத்தது. எங்கள் தகடூரிலிருந்து, அதாவது பழைய தருமபுரியிலிருந்து, மௌரியப் பேரரசு வரைக்கும் ஒரே வரியில் பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் குழந்தையை நடத்திப் போகலாமே.

போட்டித் தேர்வுக்கு உதவும் என்பது இன்னொரு மறுமொழி. எட்டு வயதுக் குழந்தைக்குப் போட்டித் தேர்வு வேண்டாம் என்பதே என் பதில்.

ஊர்க்கதை எல்லாம் வரலாறு ஆகுமா, ஆயா சொன்னது ஆதாரம் ஆகுமா என்று ஒரு அலுவலர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆகாதுதான், அப்படியே எடுத்துக்கொண்டால். அதனால்தான் எங்கள் ஆசிரியை எதை எழுதினாலும் 'ஊரில் சொல்கிறார்கள்' என்றும் 'கல்லில் இருக்கிறது' என்றும் 'அகழாய்வில் கிடைத்தது' என்றும் பிரித்து எழுதுவார். கேட்டதற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். நான் கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளில் யாரும் எனக்கு அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லித் தரவில்லை.

இதனால் என்ன பயன் என்றும் கேட்கலாம். சென்ற கோடையில் ஏரிக்கரையைச் செப்பனிடப் பொக்லைன் வந்தது. கரையோரம் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்த நடுகல்லை ஓட்டுநர் சாதாரணப் பாறை என்று நினைத்து வாரியில் அள்ளப் போனார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிப்போய்க் குறுக்கே நின்று கத்தினார்கள். அதற்குள் கல்லின் ஒரு முனை உடைந்துவிட்டது. பெரியவர்கள் வந்து கயிறு கட்டித் தூக்கிப் புங்கமரத்தடியில் நிறுத்தினோம். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நாற்பது வயதுக்காரர்கள் பலரும் துணி துவைத்திருக்கிறோம். அதில் ஓர் உருவம் இருப்பது எங்களுக்கே சரியாகத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் சுவரில் எழுதி வாசித்தவர்கள் அவர்கள். இப்போது முதல் வகுப்பில் சேர்ந்திருக்கும் குழந்தைகளுக்கு அந்தச் சுவர் இல்லை. அடுத்த பொக்லைன் வரும்போது குறுக்கே யார் நிற்பார்கள்?

சுப்பிரமணிய சிவாவைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும், நீங்கள் விட்டதால். வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 பிறந்தவர். 1908ல் வ.உ.சி.யோடு சிறை சென்றார். சிறையில் தொழுநோய் பற்றியது. தொழுநோயாளிகள் ரயிலில் ஏறக் கூடாது என்று அன்றைய அரசு தடுத்தபோது, நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரதமாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப விரும்பினார். சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். நாற்பது வயதில் அந்த ஊரிலேயே கண்மூடினார். இதில் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் புரியாதது எதுவும் இல்லை. நோய் என்றால் தெரியும், பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றால் எப்படி இருக்கும் என்று தெரியும், பாப்பாரப்பட்டி தெரியும். தேதியும் இருக்கிறது. பிறகும் அது தாளில் இடம்பெறவில்லை என்றால், தொகுக்கும்போது இந்த நிலத்தை யாரும் நினைக்கவில்லை என்றுதான் நான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நான் கேட்பவை இவை.

தாளை மட்டுமே வாசிக்க வேண்டும் என்ற வாய்மொழி உத்தரவை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். தாள் தொடர்ந்து வரட்டும். எடுப்பதா, குறைப்பதா, மாற்றுவதா என்பதை அந்தந்தப் பள்ளி ஆசிரியர் முடிவு செய்யட்டும். வாசிக்கும் படத்தைத் தினமும் பதிவிடும் கட்டாயத்தையும் நீக்குங்கள். ஒரு குழந்தை தடுமாறும் நேரத்தில் அதன் முகத்துக்கு நேரே கைபேசியைப் பிடிப்பது சரியில்லை.

'வரலாற்றில் இன்று' என்ற தலைப்போடு 'நம் நிலத்தின் வரலாறு' என்று தேதி தேவைப்படாத ஒரு பகுதியைச் சேருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அது முதலில் வரட்டும். நடுகல், கல்திட்டை, பாறை ஓவியம், கோட்டை, அணை, ஏரி, சந்தை, பயிர் என்று ஒரு கல்வியாண்டுக்குத் தேவையானது இந்த இரண்டு மாவட்டங்களிலேயே இருக்கிறது. தொகுக்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள். நானும் இன்னும் சில பெற்றோரும் உதவுகிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் முன் வரலாறு படித்த ஒருவர் சரிபார்க்க வேண்டும். பிழை நேர்ந்தால் அடுத்த நாள் தாளில் திருத்தம் வர வேண்டும், அதைப் பிள்ளைகள் முன் வாசிக்கவும் வேண்டும். ராஜாஜி பற்றிய பிழைக்கு இன்றுவரை திருத்தம் வரவில்லை. அதிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்று முதல் மூன்று வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் வாசிக்கும் செய்தி, அவர்கள் சொல்லிப் பழகிய சொற்களில் ஐந்து வரிக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு செய்தி போதும். ஏழெட்டுப் பெயர்களை வரிசையாக அடுக்க வேண்டாம்.

நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது தருமபுரி அகழ்வைப்பகத்துக்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ பாப்பாரப்பட்டிக்கோ அழைத்துப் போக அனுமதியும் பஸ் செலவும் கொடுங்கள். பாதிச் செலவைப் பள்ளி மேலாண்மைக் குழு திரட்டும். இதை ஊர் மக்களிடம் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியின் 'இன்று நம் ஊர்' சுவரை மீண்டும் கறுப்பாக்க அனுமதி தாருங்கள். பெயிண்ட் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். பிள்ளைகள் முன் கேள்வி கேட்டு நிறுத்திய ஆசிரியையிடம், அந்தச் சுவர் தவறில்லை என்று அதே அலுவலர் பள்ளிக்கு வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகள் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். அதற்கு முன் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் சமாதானம் சொல்ல வேண்டாம். மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு மறுத்து எழுதுங்கள். அதையும் கிராம சபையில் வாசிக்கிறோம்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்,
தருமபுரி மாவட்டம்